எங்களுக்குப் பின் யார்?

ஆண்டுதோறும் ஏப்ரல் 2ஆம் நாள் உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஐக்கிய நாடுகள் அவை 2007இல் தீர்மானம் நிறைவேற்றி, 2008 முதல் நடைபெற்று வரும் நாள் அது. அன்று மாலை பெரிய கட்டடங்கள் நீல ஒளியில் குளிக்கும்; தலைவர்கள் அறிக்கை விடுவர்; மேடைகளில் பரிவுரைகள் பெருக்கெடுக்கும். மறுநாள் விளக்கு அணைந்துவிடும். ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பெற்ற வீட்டிலோ, அந்த மறுநாளும் விடியுமுன் எழுந்து, முதல்நாள் செய்த அத்தனை வேலைகளையும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கியாக வேண்டும். ஆண்டின் 365 நாளும் ஓய்வில்லாத உழைப்பு அது.

விளக்கு ஏற்றுவதை நாம் குறை கூறவில்லை. ஒரு நாளாவது நாடு நினைத்துப் பார்க்கிறதே என்ற அளவில் மகிழ்ச்சிதான். ஆனால், அந்தப் பெற்றோர்களிடம் தனியே பேசிப் பார்த்தால், எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றாகவே இருக்கிறது. "நாங்கள் இருக்கும் வரையில் எப்படியோ பார்த்துக்கொள்வோம், எங்களுக்குப் பின் யார்?" என்கிறார்கள். நாட்டு மக்களில் பெரும்பாலோர் இதை அந்தக் குடும்பத்தின் சொந்தக் கவலை என்று எண்ணி, "பாவம்!" என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நாம் அப்படிக் கருதவில்லை. அது சமுதாயத்தை நோக்கியும், அரசாங்கத்தை நோக்கியும் கேட்கப்படும் கேள்வி. பதில் சொல்லும் கடமை நமக்கெல்லாம் உண்டு என்பதே நம் கருத்து.

ஆட்டிசம் என்றால் என்ன என்பதையே அறியாதவர்கள் இன்னமும் ஏராளம். அது தொற்றுநோயன்று, மருந்து கொடுத்துப் போக்கிவிடும் காய்ச்சலுமன்று. மூளை வளரும் விதத்திலேயே உள்ள ஒரு வேறுபாடு. பெயர் சொல்லி அழைத்தால் பிள்ளை திரும்பிப் பார்க்காது. வேண்டிய பொருளை விரல் நீட்டிக் காட்டாது. தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பொருளின்மீது வைக்கும். பொம்மை வண்டியை ஓட்டி விளையாடாமல், அதன் சக்கரத்தை மட்டும் மணிக்கணக்கில் சுழற்றிக்கொண்டிருக்கும். சில பிள்ளைகளுக்குப் பேச்சே வருவதில்லை. சிலர் கேட்ட சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்வர். வேறு சிலரோ சரளமாகப் பேசுவர், கணக்கில் வல்லவராக இருப்பர், ஆனால் எதிரே நிற்பவரின் முகக்குறிப்பைப் புரிந்துகொள்ளத் திணறுவர். ஒருவரைப் போல் இன்னொருவர் இருப்பதில்லை. வாழ்நாள் முழுவதும் உடனிருக்கும் இயல்பு இது; ஆயினும் இரண்டு, மூன்று வயதிலேயே கண்டறிந்து முறையாகப் பயிற்சி அளித்தால் பிள்ளையின் வாழ்வு பெரிதும் எளிதாகிறது என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட செய்தி.

இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழில் நாம் வைத்த பெயரைப் பாருங்கள். மன இறுக்கம் என்றோம். மதி இறுக்கம் என்றோம். அதோடு நில்லாமல், 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று அரசாங்கப் பத்திரங்களிலேயே எழுதி வந்திருக்கிறோம். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளை, சட்டையின் பின்கழுத்தில் தைத்த துணித்துண்டு உரசினாலே துடிக்கும் பிள்ளை, திருவிழா மேளமும் தீபாவளி வெடியும் தாங்காமல் கட்டிலுக்கடியில் பதுங்கும் பிள்ளை — இந்தப் பிள்ளைக்கா புற உலகச் சிந்தனை இல்லை? புற உலகம் அதன்மீது அளவுக்குமீறிப் பாய்கிறது. அதைத் தாங்க வழி தெரியாமல் அது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ஊனமுற்றோர் என்ற சொல்லை ஒதுக்கி, மாற்றுத்திறனாளிகள் என்ற சொல்லை நாட்டுக்கு அளித்தவர் கலைஞர். அவர்களுக்கென்று தனித் துறை கண்டதும் 2010இல் அவருடைய ஆட்சி. ஒரு சொல் மாறினால் பார்வை மாறும் என்பதை அறிந்த இயக்கம் நம்முடையது. ஆகவே, இந்தப் பெயரையும் மாற்றியாக வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

பெயர் சூட்டுவதிலே காட்டிய அவசரத்தைவிடப் பெரிய அவசரம், பழி சூட்டுவதிலே காட்டப்பட்டது. யார்மீது பழி? வேறு யார்மீது? தாய்மீதுதான்!

நம் நாட்டில் அந்தப் பழிக்குப் 'பூர்வ ஜென்ம பாவம்' என்று பெயர். கருவுற்றிருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்தாள், நேர்ந்துகொண்ட வேண்டுதலைச் செலுத்த மறந்தாள், அவள் வந்த நேரம் சரியில்லை, அவள் பிறந்த வீட்டில் ஏதோ இருக்கிறது — இப்படி மாமியார் வீட்டிலும் மண்டபத்திலும் பேசாத பேச்சில்லை. "பையன் யாரைப் போல?" என்று ஆரம்பித்து, "எங்கள் பரம்பரையில் இப்படி யாரும் இல்லையம்மா" என்று முடிப்பார்கள். பிள்ளை கணக்கில் சூரனாக இருந்தால் தந்தையின் மூளை. பேசாதிருந்தால் தாயின் பாவம்! தலைவிதி என்னும் கற்பனையை எதிர்த்துப் பெரியார் தம் வாழ்நாளெல்லாம் போராடியது எதற்காக? அந்தக் கற்பனை, எளியவனைத் தன் துன்பத்துக்குத் தானே காரணம் என்று நம்பவைக்கிறது. உதவ வேண்டியவனுக்கோ ஒதுங்கிக்கொள்ள வழிசெய்து தருகிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் வீட்டில் அது இன்றும் அதே வேலையைத்தான் செய்கிறது.

மூடநம்பிக்கை கிழக்கு நாட்டுச் சரக்கு மட்டுமே என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மேல்நாட்டிலே அது கோட்டும் சூட்டும் அணிந்து, விஞ்ஞானம் என்ற பெயரிலேயே வந்தது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கானர் என்னும் மருத்துவர், 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையால்தான் ஆட்டிசம் ஒரு தனி நிலையாக உலகுக்கு அறிமுகமாயிற்று. அந்தப் பெற்றோர்களில் அன்பு ததும்புகிறவர்கள் குறைவு என்று அவர் எழுதிய குறிப்பு, சிறு பொறியாக விழுந்து பெருந்தீயாக மூண்டது. 'குளிர்சாதனப் பெட்டித் தாய்மார்' என்று ஒரு பட்டமே பிறந்தது. தாயின் நெஞ்சில் அன்பு உறைந்துபோனதால்தான் பிள்ளை இப்படி ஆயிற்று என்றார்கள். சிகாகோவிலே பள்ளி நடத்திய புருனோ பெட்டல்ஹைம், 1967இல் ஒரு பெரிய நூலே எழுதி இந்தக் கொள்கையை ஊரறியச் செய்தார். பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதே நலம் என்றும் பேசப்பட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடிய தாய், குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டாள்.

அந்தக் கூண்டை உடைத்தது யார்? பெற்றோர்கள்தாம். அமெரிக்காவில் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்பவர் மனோதத்துவ அறிஞர். ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தை. தம் மனைவிமீது சுமத்தப்பட்ட பழியை அவர் ஏற்கவில்லை. கிடைத்த ஆராய்ச்சிகளையெல்லாம் தேடிப் படித்து, இது உடலியல் காரணத்தால் வருவது என்று 1964இல் நூல் எழுதினார். அடுத்த ஆண்டே பெற்றோர் சங்கம் காண முன்னின்றார். இங்கிலாந்தில் 1962இல் பெற்றோர்கள் கூடிச் சங்கம் கண்டபோது அவர்களுள் ஒருவராக இருந்தவர் லோர்னா விங். அவரும் மருத்துவர், அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு மகளின் தாய். 1977இல் இங்கிலாந்தில் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிறந்த 11 இணைகளில் 4 இணைகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவிலிருந்து பிறந்த 10 இணைகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. பிறவியமைப்பிலே வேர் இருக்கிறது, வளர்ப்பிலே இல்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? நம் நாட்டிலும் 1991இல் டெல்லியில் 'ஆக்சன் ஃபார் ஆட்டிசம்' என்னும் அமைப்பைத் தொடங்கியவர் மெர்ரி பரூவா என்னும் ஒரு தாய்தான்.

ஒரு பொய் சாய்ந்தால் இன்னொரு பொய் தலைதூக்குகிறது. 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற ஆங்கில மருத்துவர், 12 குழந்தைகளை மட்டும் வைத்துக்கொண்டு, தட்டம்மைத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போடும் கட்டுரை ஒன்றை 'லான்செட்' இதழில் வெளியிட்டார். 2010இல் அந்த இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் அவருடைய பெயர் மருத்துவர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பல நாடுகளில் இலட்சக்கணக்கான குழந்தைகளை ஆராய்ந்தும் அப்படியொரு தொடர்பு காணப்படவில்லை. இருந்தும், அந்தச் செத்த பாம்பு கைப்பேசிகளின் வழியே இன்றும் நம் ஊர்களில் நெளிந்துகொண்டுதான் இருக்கிறது. அதை நம்பித் தடுப்பூசியைத் தவிர்க்கும் பெற்றோர், ஆட்டிசத்தைத் தடுப்பதில்லை, தட்டம்மையைத்தான் வரவேற்கிறார்கள்.

இந்தக் குழப்பத்திலே கொழுப்பவர்கள் உண்டு. "ஆறு மாதத்தில் பேசவைக்கிறோம்" என்று விளம்பரம் செய்வோர், லேகியம் விற்போர், யாகம் வளர்ப்போர், மந்திரித்த தகடு தருவோர் என்று ஒரு பெரும் வாணிகமே நடக்கிறது. தாலியை அடகுவைத்துப் பணம் கட்டியவர்கள் உண்டு. நாம் தெளிவாகச் சொல்லுகிறோம்: ஆட்டிசத்தை அடியோடு போக்கும் மருந்து என்று எவன் எதை விற்றாலும் அவன் ஏமாற்றுகிறான். பேச்சுப் பயிற்சி, அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி, சிறப்புக் கல்வி — இவைதாம் கைகொடுப்பவை. மெதுவாகத்தான் பலன் தரும். பொறுமையும் காலமும் கேட்கும்.

அந்தப் பொறுமையையும் காலத்தையும் யார் கொடுக்கிறார்கள்? மீண்டும் தாய்தான் கொடுக்கிறாள். காலையில் பல் துலக்கவைக்க அரைமணி. சட்டை மாட்ட அரைமணி. பிள்ளை வெள்ளைச் சோறு தவிர வேறெதையும் தொடாது என்றால், நாள்தோறும் ஒரு பருப்பு, இரண்டு பருப்பு என்று கலந்து பழக்க மாதக்கணக்காகும். கதவு திறந்திருந்தால் ஓடிவிடும். ஆகவே கண்ணிமைக்க முடியாது. இரவில் தூங்காத பிள்ளையோடு தாயும் விழித்திருக்க வேண்டும். பயிற்சி மையத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பஸ்ஸிலே பிள்ளை கத்தினால், "வளர்க்கத் தெரியாத பொம்பளை" என்ற வசையையும் வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர் "சத்தம் அதிகம், வேறு இடம் பாருங்கள்" என்பார். உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு வரும். "பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு வாருங்கள்" என்ற வேண்டுகோளும் கூடவே வரும். மெல்ல மெல்ல அந்தக் குடும்பம் ஊருக்குள்ளேயே ஒரு தனித் தீவாகிறது. உலகத்தை விட்டு ஒதுங்கியிருப்பதாகப் பிள்ளையைச் சொல்கிறோம். குடும்பத்தையே ஒதுக்கிவைத்தது யார்?

வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண் வேலையை விடுகிறாள். கூலிக்குப் போகிறவளானால், பயிற்சிக்குப் போகும் நாளெல்லாம் கூலியில்லா நாள். தந்தையர் பலர் தோள்கொடுத்து நிற்கிறார்கள். அவர்களை நாம் போற்றுகிறோம். 'சம்பாதிப்பது என் வேலை, பார்த்துக்கொள்வது உன் வேலை' என்று நழுவுகிறவர்களும் உண்டு. பழியைச் சுமத்திவிட்டு விட்டே போனவர்களும் உண்டு. அதே வீட்டில் இன்னொரு பிள்ளை வளர்கிறது. தன் பங்கு அன்பையும் கவனிப்பையும் வாய்விட்டுக் கேட்கத் தெரியாமல், வயதுக்கு மீறிய பொறுப்போடு அது வளர்கிறது. "அண்ணனை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று ஏழு வயதுத் தங்கையிடம் சொல்லும் வீடுகள் எத்தனை! அவள் பெரியவளானதும், "வீட்டில் இப்படியொரு பிள்ளை இருக்கிறதாமே" என்று அவளுடைய திருமணத்துக்கும் தடை பேசுகிறார்கள்.

'இதெல்லாம் எங்கோ ஒரு சிலரின் துயரம்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2021ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள் தொகை 7 கோடியே 21 இலட்சம். அந்த விகிதத்தை இந்தத் தொகையோடு வைத்துப் பார்த்தால், ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள். இது நாம் போட்ட கணக்கே தவிர, எண்ணிப் பார்த்த கணக்கன்று. எண்ணிப் பார்த்த கணக்கு எங்கே என்று கேட்பீர்கள். அதுதான் இல்லை! 2011 கணக்கெடுப்பு, இந்தியாவில் 2 கோடியே 68 இலட்சம் மாற்றுத்திறனாளிகள் என்று சொல்லிற்று. ஆனால், அதன் எட்டு வகைகளில் ஆட்டிசத்துக்குத் தனி வகை இல்லை. கணக்கிலேயே இல்லாதவர்களுக்கு வரவுசெலவுத் திட்டத்தில் எப்படி இடம் கிடைக்கும்?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது; காலம் தாழ்ந்து வந்தாலும் வந்திருக்கிறது. 1995இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைகளை மட்டுமே ஒப்புக்கொண்டது. ஆட்டிசம் அதில் இல்லை. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் அதை முதலில் பெயர் சொல்லி ஏற்றது. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகைகளை 21 ஆக உயர்த்தி, ஆட்டிசத்தையும் சேர்த்தது. அந்தச் சட்டம் சொல்வதைப் பெற்றோர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை, அருகமைப் பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை. உயர்கல்வியில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இட ஒதுக்கீடு. அரசுப் பணியில் மாற்றுத்திறனாளிகளுக்குரிய 4 விழுக்காட்டில், ஆட்டிசம் உள்ளிட்ட வகைகளுக்குச் சேர்த்து 1 விழுக்காடு.

ஏட்டிலே இத்தனையும் இருக்க, பள்ளி வாசலில் நடப்பதென்ன? "எங்களிடம் அதற்கு ஆசிரியர் இல்லை", "மற்றப் பெற்றோர்கள் ஆட்சேபிக்கிறார்கள்", "நாளைக்கு வாருங்கள்" — இந்த மூன்று விடைகளைக் கேளாத பெற்றோர் இல்லை. உரிமை என்று சட்டம் எழுதியதை, தயவு என்று தலைமை ஆசிரியர் அறை மாற்றிவிடுகிறது. தொடக்க வகுப்புகளில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒருவர், மேல்வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர்கள் இருக்க வேண்டும் என 2021 அக்டோபரில் உச்சநீதிமன்றம் கூறியது. மாநிலங்கள் அசையவில்லை என்று கண்டு, பணியிடங்களை அறிவித்து நிரப்புங்கள் என்று 2025 மார்ச்சில் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

இங்கே ஒன்றிய ஆட்சியாளர்களைக் கேட்க நமக்கு ஒரு கேள்வி உண்டு. சிறப்புப் பயிற்றுநர்களுக்கான ஊதியம் வருவது ஒருங்கிணைந்த கல்வித் திட்ட நிதியிலிருந்து. மும்மொழியைத் திணிக்கும் கல்விக் கொள்கைக்குக் கையெழுத்திட மறுத்தது என்பதற்காக, 2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தீர்களே, அது யார் வயிற்றில் அடித்த அடி? மூன்றாவது மொழி படித்தாயா என்று கேட்டு, முதல் சொல்லையே இன்னும் பேசாத பிள்ளையின் ஆசிரியருக்கான பணத்தில் கைவைப்பது எந்த நாட்டு நியாயம்?

ஒன்றியத்தைக் கேட்டுவிட்டோம் என்பதற்காக மாநிலத்தைக் கேளாமல் விட மாட்டோம். நட்புக்குரியவர்கள் ஆண்டாலும் சரி, மாற்றார் ஆண்டாலும் சரி, சொல்ல வேண்டியதைச் சொல்வதே இந்த ஏட்டின் கடமை. அந்தச் சிறப்புப் பயிற்றுநர்கள் பல ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்திலேயே வைக்கப்பட்டு வந்திருக்கிறார்கள். அவர்களுள் பலர் ஒரே பள்ளியில் நிலையாக நில்லாமல், பள்ளிக்குப் பள்ளி சுற்றிவர வேண்டியவர்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளை ஒரு புதிய முகத்தைப் பழகவே மாதங்கள் ஆகும். பழகிய ஆசிரியர் அடிக்கடி மாறினால் பட்ட பாடெல்லாம் வீண். நிலையான ஆசிரியருக்கு நிலையான ஊதியம் தராமல், நிலையான கல்வியை எப்படித் தருவது?

2024 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் கூறிய இன்னொரு தீர்ப்பையும் இங்கே நினைவூட்டுகிறோம். இமாசலப் பிரதேசத்தில் அரசுக் கல்லூரி ஆசிரியை ஒருவர், எலும்பு நோயோடு பிறந்த தம் மகனைப் பார்த்துக்கொள்ள விடுப்புக் கேட்டார், கிடைக்கவில்லை, நீதிமன்றம் ஏறினார். பெண்கள் பணியில் பங்குபெறுவது சலுகையன்று, அரசியல் சட்டம் கோருவது. மாற்றுத்திறன் குழந்தையின் தாய்க்கு விடுப்பை மறுப்பது அந்தக் கடமைக்கு முரணானது என்றது நீதிமன்றம். நல்ல தீர்ப்பு, மனமார வரவேற்கிறோம். ஆனால், அரசுப் பணியில் இல்லாத தாய்க்கு? பனியன் கம்பெனியில் துண்டு வெட்டுகிறவளுக்கு, தீப்பெட்டி ஒட்டுகிறவளுக்கு, நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவளுக்கு எந்த விடுப்பு? வருமான வரியிலே கழிவு உண்டு என்கிறார்கள். வருமானமே இல்லாதவளுக்கு வரிக்கழிவால் என்ன பயன்?

அவளுக்கும் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. 2016 சட்டத்தின் 24ஆம் பிரிவு, மிகுந்த உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிக்குப் பராமரிப்பாளர் படி என்று ஒன்றைக் குறிப்பிடுகிறது. ஆனால் அதே பிரிவு, அரசின் பொருளாதார வலிமையின் எல்லைக்குட்பட்டு என்று ஒரு வேலியையும் போட்டுவிடுகிறது. கேரளத்தார் 'ஆஸ்வாசகிரணம்' என்ற பெயரில், வீட்டிலிருந்து பராமரிப்பவர்க்கு மாதந்தோறும் ஒரு தொகை என்று திட்டம் வகுத்தார்கள். தொகை சிறிதாக இருக்கலாம். ஆனால், அந்தத் தாய் செய்வது வேலை, அதற்கு மதிப்பு உண்டு என்று ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்டதே, அது பெரிது. ஒரு பெண் வீட்டுக்குள் செய்யும் வேலைக்குக் கூலியும் இல்லை, கணக்கும் இல்லை என்பதைத் தொடக்க நாள் முதல் கண்டித்து வந்த இயக்கத்தின் மண்ணில், பராமரிப்பவருக்குரிய படி எவரும் கெஞ்சிப் பெறுவதாக இருத்தலாகாது.

அடுத்து, பிள்ளை வளர்ந்துவிடுகிறது. பயிற்சி மையங்களும் பரிவுரைகளும் 'குழந்தை' என்றே பேசிக்கொண்டிருக்க, அந்தக் குழந்தை மீசை முளைத்த வாலிபனாகி நிற்கிறான். 18 வயது நிறைந்ததும் பள்ளி முடிகிறது. பெற்றோரின் சட்டப்படியான காப்புரிமையும் முடிகிறது. தன் காரியங்களைத் தானே முடிவுசெய்ய இயலாதவருக்காக, மாவட்ட ஆட்சித் தலைவர் அடங்கிய உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்படி காப்பாளர் நியமனம் பெற 1999 சட்டம் வழிசெய்கிறது. அதே சட்டத்தின்கீழ் 'நிராமயா' என்னும் மருத்துவக் காப்பீடு, ஓர் இலட்சம் ரூபாய் வரையில் உண்டு. இவை இருப்பதையே அறியாத பெற்றோர் கிராமங்களில் ஏராளம். அறிந்தாலும், காப்பாளராக யாரைக் காட்டுவது? அண்ணன் தம்பிகளுக்கு அவரவர் குடும்பம். தாய்க்கு 60 வயது, மகனுக்கு 30. குளிப்பாட்டும் கையிலே நடுக்கம் வந்துவிட்டது. 'இவனுக்கு முன்னால் நான் போய்விடக் கூடாது' என்று அவள் ஏங்குகிறாள். பெற்ற பிள்ளை தனக்கு முன்னே போய்விட வேண்டும் என்று ஒரு தாயை எண்ணவைக்கும் சமுதாயத்துக்கு நாகரிகம் என்ற பெயர் பொருந்துமா?

இதற்கு மாற்று, ஊருக்கு வெளியே மதில் கட்டி அடைத்துவைக்கும் விடுதிகளன்று. அப்படிப்பட்ட மதில்களுக்குள் என்ன நடக்கும் என்பதை உலகம் நன்கு அறியும். ஊருக்குள்ளேயே, பழகிய தெருவிலேயே, நாலைந்து பேர் துணையாளர்களோடு வாழும் சிறு இல்லங்கள். பகலில் சென்று வேலை பழகும் தொழிற்கூடங்கள். பெற்றோர் நோயுற்றால் சில நாள் விட்டுவைக்க நம்பிக்கையான இடங்கள். இவையே தேவை. எண்களை அடுக்குவதிலும், ஒரே வேலையைப் பிழையின்றித் திரும்பத் திரும்பச் செய்வதிலும் வல்லவர்கள் இவர்களில் உண்டு. அந்தத் திறமைக்கு ஏற்ற வேலை தர அரசுத் துறைகள் முன்வர வேண்டும். பேசத் தெரிந்தவர்களின் சொல்லைக் கேளுங்கள். பேச்சு வராதவர்களுக்குப் படமும் கருவியும் கொடுத்து, அவர்கள் விருப்பத்தையும் கேளுங்கள். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க 2025இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியதே, அது காட்டும் வழி இதுதான்: அவர்களைப் பற்றி முடிவெடுக்கும்போது அவர்களும் அவையில் இருக்க வேண்டும்.

"இதற்கெல்லாம் பணம் எங்கே?" என்பவர்கள் இருக்கிறார்கள். மதிய உணவுக்கும் அப்படித்தான் கேட்டார்கள். பெண்களுக்கு இலவசப் பஸ் பயணம் என்றபோதும் அப்படித்தான் கேட்டார்கள். செலவு ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. அது ஒரு தாயின் இளமையாகவும், உடல்நலமாகவும், இழந்த கூலியாகவும் வீட்டுக்குள்ளே செலவாகிறது. அரசாங்கக் கணக்கில் ஏறாததால் அது செலவே இல்லை என்றாகிவிடுமா?

ஆகவே, நாம் வற்புறுத்துபவை இவை. அங்கன்வாடிப் பணியாளரும் கிராமச் செவிலியரும் ஆட்டிசத்தின் அறிகுறிகளைக் கண்டறியப் பயிற்சி பெற வேண்டும். மாவட்டந்தோறும் உள்ள தொடக்கநிலை இடையீட்டு மையங்களின் சேவை வட்டங்களுக்கும் வர வேண்டும். சிறப்பாசிரியர்கள் உச்சநீதிமன்றம் சொன்ன அளவில், நிரந்தரப் பணியில் அமர்த்தப்பட வேண்டும். சேர்க்கை மறுக்கும் பள்ளி, எழுத்தில் காரணம் கூறவேண்டும். காரணம் பொருந்தாவிடில் தண்டனை பெறவேண்டும். பராமரிக்கும் தாய்க்கோ தந்தைக்கோ மாதப் படி உரிமையாக வேண்டும். மாவட்டந்தோறும் பெரியவர்களான பின் வாழச் சிறு இல்லங்கள் அமைய வேண்டும். மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் ஆட்டிசம் தனியே எண்ணப்பட வேண்டும்.

அரசாங்கம் செய்ய வேண்டியவை இவை. நாம் செய்யக்கூடியதோ, இன்றைக்கே செய்யக்கூடியது. பஸ்ஸிலே ஒரு பிள்ளை அலறினால் முறைத்துப் பார்க்காதீர்கள். சன்னல் ஓரத்தை விட்டுக்கொடுங்கள். பக்கத்து வீட்டுத் தாய் கடைக்குப் போய்வர ஒரு மணிநேரம் அந்தப் பிள்ளையோடு இருங்கள். கல்யாணத்துக்கு அழைத்தால் பிள்ளையையும் பெயர் சொல்லி அழையுங்கள். கழகத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் வட்டத்தில் இத்தகைய குடும்பங்கள் எத்தனை என்று தேடிப் பாருங்கள். அடையாள அட்டை இருக்கிறதா, காப்பீடு எடுத்தார்களா, பள்ளி சேர்த்துக்கொண்டதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்து, அலுவலகத்துக்கு உடன் செல்லுங்கள். நான்கு குடும்பங்கள் இருந்தால் அவர்களை ஒன்றுசேருங்கள். தனித்தனியே கண்ணீர்விட்ட பெற்றோர்கள், ஒன்றுகூடியபோதுதான் உலகத்தின் கருத்தையே மாற்றினார்கள் என்பதை மேலே கண்டோம்.

பெற்றோர் எவரும் பிள்ளைகளோடு கடைசிவரை இருப்பதில்லை. மற்றப் பிள்ளைகளை நாம் ஊரையும் உலகத்தையும் நம்பித்தான் விட்டுச் செல்கிறோம். அந்த நம்பிக்கை இந்தப் பெற்றோர்களுக்கு மட்டும் மறுக்கப்படுவானேன்? அதைத் தருவதற்கு, ஆளுவோர் வரும் வரவுசெலவுத் திட்டத்திலேயே வழிகாண வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.